ஏலத்துக்கு இறங்கியவர்கள்

என்னை மலைச்சரிவிலிருந்து மீட்டதைப் பற்றி ஓர் ஆவணப்படம் இருக்கிறது. அதில் நான் பள்ளத்தாக்கின் அழகில் மனம் பறிகொடுத்து, பாதை மறந்து, கால் இடறி விழுந்தவன். பின்னணியில் புல்லாங்குழல் வேறு. நடந்தது என்னவென்றால், நான் ஒன்றுக்குப் போக இறங்கினேன். சர்க்கரை நோய் உள்ளவன் கம்பம் ஊரில் வண்டி ஏறினால் மலை மேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்காவது ஓரம் கட்டச் சொல்லியே ஆக வேண்டும். ‘இயற்கையை நாடிச் சென்ற ஒரு மனிதர்’ என்று படத்தில் ஒரு கம்பீரமான குரல் என்னை அறிமுகப்படுத்துகிறது. இயற்கை உபாதையும் இயற்கையில் சேர்த்திதானே என்று நானும் ஆட்சேபிக்கவில்லை.

அன்று கட்டப்பனைப் பக்கம் உறவில் ஒரு சாவு. துட்டி கேட்டுவர நானும் என் தம்பியும் அவனுடைய ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். மழை விட்டும் விடாத மதியம். வளைவுகளில் வெள்ளையாக மஞ்சு இறங்கி ரோட்டை மறைத்திருந்தது. நிறுத்தச் சொன்ன இடத்தில் தம்பி நிறுத்தினான். அவன் காதில் ஹெட்செட்டைச் செருகிக்கொண்டு ஒரு வியாபாரியிடம் தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தான். பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குத் தெரியாது. நானோ கூச்ச சுபாவம் உள்ளவன். ரோட்டோரமாக முடித்திருக்க வேண்டிய வேலைக்குத் தடுப்புச் சுவரைத் தாண்டி உண்ணிச்செடிப் புதர் மறைவுக்குப் போனேன். ஈர மண் காலை வாரிவிட்டது. வேலை முடிவதற்கு முன்பா பின்பா என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். நான் பதில் சொல்வதில்லை.

நாலைந்து தென்னை மர உயரத்துக்குச் சறுக்கியிருப்பேன். ஒரு பாறையும் ஒரு மரமும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டன. அதற்குக் கீழே மஞ்சு மட்டும்தான் தெரிந்தது. இடது பாதம் நான் பார்க்கும் திசையைப் பார்க்காமல் தன்பாட்டுக்கு வேறு பக்கம் திரும்பியிருந்தது. பயத்தில் அப்போது வலிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் தம்பியைக் கூப்பிட ‘ஏலே’ போதும். பெயரெல்லாம் ரேஷன் கார்டுக்குத்தான். “ஏலே!” என்று கத்தினேன். கத்திய வேகத்தில் வலி சுரீரென்று தொடையில் ஏற, கூடவே “அம்மா!” என்றும் வந்தது. ஏலே, அம்மா. ஏலே, அம்மா. விடாமல் கத்திக்கொண்டிருந்தேன். பாறையில் மோதி, மஞ்சுக்குள் புகுந்து, மேலே போய்ச் சேரும்போது அது “ஏலம்மா, ஏலம்மா” என்று ஆகியிருக்கிறது.

மேல் வளைவில் ஒரு டீக்கடை. அங்கே சுருளிப்பட்டி லோடுமேன்கள் ஏழெட்டுப் பேர் லாரிக்குக் காத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஏலம் என்றால் ஏலக்காய். மேலே எஸ்டேட்டில் விளைந்து, இந்த ரோட்டில் மூட்டை மூட்டையாக இறங்கி, போடிக்குப் போய் ஏலத்தில் விலையாகும். ஏலத்தை ஏலம் விடுவது எங்களுக்கு ஒருநாளும் வேடிக்கையாகப் பட்டதில்லை. வண்டியின் பின்கதவு சரியாகப் பூட்டாமல் மூட்டை உருண்டு பள்ளத்தில் விழுவதும் உண்டு. அப்படி விழுந்த மூட்டை அனுப்பியவருக்குச் சொந்தமா, இறங்கி எடுத்தவருக்குச் சொந்தமா என்பதில் மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நெடுநாளாகக் கருத்து வேறுபாடு இருக்கிறது.

பள்ளத்துக்குள் ஒரு மனிதன் கத்துகிறான் என்று தெரிந்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நல்லவர்கள்தான், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டிருப்பார்கள். வண்டி வந்து சேர்வதற்குள் நான் இந்தக் கட்டுரையை எழுதும் நிலையில் இருந்திருக்க மாட்டேன். காதில் விழுந்தது ஏலம் என்பதால், குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு, கயிறுகூட எடுக்காமல், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு இறங்கினார்கள். ‘உயிரைத் துச்சமாக மதித்து’ என்று படத்தில் சொல்கிறார்கள். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

முதலில் வந்து சேர்ந்தவருக்கு ஏறக்குறைய என் வயது இருக்கும். தலையில் சும்மாடுத் துண்டு, முழங்காலெல்லாம் முள் கீறி ரத்தம். என்னை மீட்க வந்தவரின் முதல் வார்த்தைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

“மூட்டை எங்கன?”

“எந்த மூட்டை?”

“யோவ், ஏலம் ஏலம்னு கத்துனது நீதானே?”

“நான் என் தம்பியக் கூப்பிட்டேன்யா.”

அவர் நம்பவில்லை. என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். புதரை விலக்கினார். மூக்கை உயர்த்தி வாசம் பிடித்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு மேலே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏலே, மூட்டை இல்லலே! ஆளுதான்!”

மேலேயிருந்து ஒரு குரல், “ஆளா?” என்றது.

அந்த ஒரு சொல்லில் இருந்த ஏமாற்றத்தை என் வாழ்நாளில் வேறெங்கும் கேட்டதில்லை. நான் பிறந்தபோது மூன்றாவதும் பையனா என்று பெண் குழந்தைக்கு ஏங்கியிருந்த என் அப்பாகூட இவ்வளவு நொந்திருக்க மாட்டார். பாதி வழியில் நின்றவர்கள் கயிறும் தார்ப்பாயும் எடுக்கத் திரும்பி ஏறினார்கள். முதலில் வந்தவர் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மழை பிடித்துக்கொண்டது. அவர் தலைத்துண்டை அவிழ்த்து என் காலைக் கட்டினார். நான் வழுக்கும்போதெல்லாம் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். நான் கண்ணை மூடினால் கன்னத்தில் தட்டி, “தூங்கிறாத, பேசு” என்றார். எனக்கு அதிகம் பேச வரவில்லை. அதனால் அவர் பேசினார்.

அவருக்கு ஒரே மகள். சின்னமனூரில் கட்டிக் கொடுத்திருந்தார். கல்யாணமான புதிதில் அவர் செக்போஸ்ட்டில் பிடிபட்டார். தூக்குவாளியில் மேலாகச் சோறும் அடியில் எஸ்டேட்டுப் பச்சை ஏலக்காயும் இருந்தன. செய்தி அவருக்கு முன்பாகவே மலை இறங்கி, சம்பந்தி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டது. மகள் வந்து, “இனி என் வாசல மிதிக்காதீக” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு பேரன் பிறந்தான். அந்தப் பிள்ளையை அவர் யாரோ அனுப்பிய போட்டோவில், அடுத்தவர் செல்போனில் பார்த்ததோடு சரி. இதையெல்லாம் மழையில் நனைந்துகொண்டே, என் பெல்ட்டை விடாமல், சாவகாசமாகச் சொன்னார்.

கயிறு வந்தது. லோடுமேன்களுக்குத் தெரிந்தது மூட்டை தூக்குவதுதான் என்பதால் என்னையும் மூட்டையாகவே பாவித்தார்கள். தார்ப்பாயில் சுருட்டினார்கள். குறுக்கே ரெண்டு கட்டு, நெடுக்கே ஒரு கட்டு. “தலைமாட்டுல முடிச்சுப் போடுலே, உருவிக்கிட்டுப் போயிரும்” என்று என்னை அஃறிணையில் பேசினார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் இடுப்பிலிருந்து மூட்டைக் கொக்கியை எடுக்க, நான் போட்ட சத்தத்தில் மறுபடியும் இடுப்பிலேயே செருகிக்கொண்டார். ரோட்டுக்கு ஏற்றியபோது பெரிய கூட்டம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹெட்செட்டோடு ஒருவன் எட்டிப் பார்த்து, “யாருங்க விழுந்தது?” என்று கேட்டான். என் தம்பி.

யாரோ அதைச் செல்போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். நான் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்த சமயம், சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். இளம் இயக்குநர். சாதாரண மனிதர்களின் அசாதாரணத் துணிச்சலைப் படம் எடுக்கிறாராம். அவர் வரப்போகிறார் என்று தெரிந்த அன்றே லோடுமேன்கள் ஆரஞ்சுப் பழத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அடிபட்ட அன்று வராத பழம்.

“அந்த ஏலம் விசயம் வேணாம்ணே” என்றார் ஒருவர். “ஆளு கத்துனாக, எறங்குனோம். அவ்வளவுதான்.”

“நான் எதுக்கு இறங்கினேன்னும் வேணாம்” என்றேன். ஒப்பந்தம் ஒரு நொடியில் முடிந்தது.

எல்லாரும் போன பிறகு முதலில் வந்தவர் மட்டும் வாசலில் நின்றார். மகள் படத்தைப் பார்க்க வந்தால் தேவலை என்றார். படத்தில் அவர் நல்லவராக இருக்க வேண்டும். “இன்னும் ஒரு தடவ காய்த் திருடன்னு அது காதுல விழுந்துச்சு, அம்புட்டுத்தான்ணே. பேரன நான் பாக்கவே முடியாது. நீங்கதான் போய்க் கூப்புடணும்.” காலுக்குள் கம்பி வைத்திருந்த என்னைச் சின்னமனூருக்குப் பஸ் ஏறச் சொல்கிறாரே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போனேன். மகள் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டு வாசலில் நிற்கவைத்தே பேசினாள். உங்கள் அப்பாவை வைத்துப் படம் எடுக்கிறார்கள் என்றேன்.

“என்ன வேசம்?” என்றாள்.

“வேஷம் இல்லம்மா, அவராவே வர்றார்.”

“அதத்தான் பாக்கணும்” என்றாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே குழந்தை சிணுங்கியது. கதவைச் சாத்திவிட்டாள்.

படப்பிடிப்பு நடந்தது. “அவர் உங்ககிட்ட சொன்ன முதல் வார்த்தை என்ன சார்?” என்று இயக்குநர் கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “‘பயப்படாதீக, நாங்க இருக்கோம்’னு சொன்னார்” என்றேன். இயக்குநருக்குக் கண் கலங்கியது. எனக்கே ஒரு கணம் அப்படித்தான் நடந்ததோ என்று தோன்றிவிட்டது. பிறகு அவர்கள் தேங்காய் நார் அடைத்த ஒரு சாக்குக்கு என் சட்டையை மாட்டி, பள்ளத்திலிருந்து தூக்குவதுபோல் எடுத்தார்கள். அந்தச் சாக்கை அவர்கள் தாங்கிய தாங்கலைப் பார்க்க வேண்டுமே. பாறையில் உரசாமல், முள் படாமல், தலைக்கு ஒருவர் கை கொடுத்து ஏற்றினார்கள். அன்று கிடைக்காத மூட்டை கடைசியில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பிரச்சினை, யார் முதலில் இறங்கினார் என்பதில் வந்தது. டீக்கடை வாசலில் வரிசையாக உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். நல்ல உயரமும் மீசையுமாக இருந்த ஒருவர், கேமராவுக்குப் பிடித்துப்போனதாலோ என்னவோ, “நான்தான் மொதல்ல பாஞ்சேன்” என்று ஆரம்பித்துவிட்டார். அவர் பாதி வழியில் நின்று “ஆளா?” என்று கேட்டவர். உண்மையில் முதலில் வந்த நம்மவர் பொறுத்துப் பார்த்தார். மீசைக்காரர், “எனக்குப் பின்னாடிதான் இவுக வந்தாக” என்று பெரிய மனசோடு சொன்னதும் எழுந்துவிட்டார்.

“நீ மொதல்ல எறங்குனியாக்கும்? ஏலம்னு காதுல விழுந்தா இந்த ஊர்ல மொதல்ல ஓடுறது யாரு? கேளு! கம்பத்துல கேளு, செக்போஸ்ட்டுல கேளு, என் சம்பந்திகிட்டக் கேளு! அன்னைக்கு ஏலம்னு சத்தம் வந்ததும் மொத ஆளா எறங்குனது நான்தாம்லே!”

தான் முதல் ஆள் என்பதற்கு அவரிடம் வேறு சாட்சி இல்லை. இருந்த ஒரே சாட்சியைச் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே என் வீட்டுக்கு வந்து, “கெடுத்துட்டேன்ணே, நானே என் வாயால கெடுத்துட்டேன்” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் இயக்குநருக்குப் போன் போட்டு அந்த இடத்தை வெட்டச் சொல்லிக் கெஞ்சினேன். “அதுதான் சார் படத்தோட உயிரே!” என்றார் அவர். “ஒரே ஒரு சந்தேகம். ஏலம்னு சொல்றாரே, போடியில நடக்குமே, அந்த ஏலம்தானே?”

எனக்கு உடனே விளங்கவில்லை. சென்னைக்காரருக்கு ஏலம் என்றால் கூவி விற்பதுதான் என்று விளங்கியதும் கடவுளே இறங்கி வந்து கைகொடுத்ததுபோல் இருந்தது. “ஆமாம்மா, அந்த ஏலமேதான்” என்றேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

படத்தைச் சுருளிப்பட்டிக் கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திரையிட்டார்கள். வெளிச்சம் வராமல் ஜன்னல்களில் ஜமுக்காளம் கட்டியிருந்தார்கள். காற்றும் வரவில்லை. மகள் வந்திருந்தாள். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், தோளில் தூங்கும் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவளுடைய அப்பா உள்ளே வராமல் வெளியிலேயே நின்றுவிட்டார்.

நான் அழகில் மயங்கி விழும் இடத்தில் மண்டபம் அமைதியாக இருந்தது. என் மனைவி மட்டும் இருமினாள். பிறகு அவருடைய முகம் திரை முழுக்க வந்தது. ஏலம்னு காதுல விழுந்தா இந்த ஊர்ல மொதல்ல ஓடுறது யாரு! மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரிப்பு. கீழே இங்கிலீஷில் ஓடிய எழுத்தைக் கல்லூரிப் பிள்ளைகள் சத்தமாகத் தமிழில் சொன்னார்கள்: ‘பொருட்களை ஏலம் விடும் கூட்டத்துக்கு எப்போதும் முதல் ஆளாகப் போகிறவன் நான்.’ மறுபடி சிரிப்பு. அதோடு கம்பீரக் குரல் சேர்ந்துகொண்டது: ‘வாழ்க்கைக்கு ஆதாரமான ஏலத்தைக் கைவிட்டு, ஒரு உயிருக்காக ஓடினார் இந்த எளிய மனிதர்.’ வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனவர்கள் உண்டு. அரங்கத்தின் வரவேற்பைப் பார்த்து இயக்குநர் நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார்.

மகள் சிரிக்கவில்லை. இவளைக் கூட்டிக்கொண்டு வந்து, ஊர் கூடி இவள் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பதைக் காட்டிவிட்டோமே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. படம் முடிந்து ஜமுக்காளத்தை அவிழ்த்தபோது அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“அவரு எதுக்கு எறங்குனாருன்னு எனக்கு யாரும் சொல்ல வேணாம் சார். மூட்டை இல்லன்னு தெரிஞ்ச பெறகு என்ன செஞ்சாரு? அது படத்துலயே வரலையே.”

உண்மைதான், வரவில்லை. ஒரு ஆள் மழையில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் படம் எடுக்க என்ன இருக்கிறது? “எங்கூட உக்காந்திருந்தாரும்மா” என்றேன். “மத்தவங்க கயிறு எடுக்க மேல போயிட்டாங்க. அவர் போகல. மண்ணு கீழ சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நான் போனா அவரையும் இழுத்துக்கிட்டுத்தான் போவேன். பெல்ட்ட விடவே இல்ல.”

“நீங்களும் மேல போங்கன்னு சொல்லலியா?”

“சொன்னேன். ஏன்யா, உங்களுக்கு இங்க ஒண்ணும் கிடைக்கப் போறதில்ல, போங்கன்னு சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அது நல்லவர்கள் பேசும் பேச்சாக இல்லை. ஆனால் இவளிடம் இன்னொரு ‘பயப்படாதீக’ சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“‘இம்புட்டுத் தூரம் எறங்கியாச்சு, வெறுங்கையோட எப்பிடிண்ணே ஏறுறது’ன்னு கேட்டார்.”

அவள் என்னையே பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். அப்புறம் அதுவரை மண்டபத்தில் சிரிக்காத ஒரே ஆள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் முட்ட. “அவரேதான்” என்றாள். “எங்கன நிக்கிறாரு?”

மண்டபத்துக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், சிரிப்புச் சத்தம் முழுவதையும் கேட்டுக்கொண்டு அவர் நின்றிருந்தார். மகள் வருவதைப் பார்த்ததும் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தோளில் கிடந்த பிள்ளையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் கையை வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். “தூங்குதே ஆத்தா” என்றார். “நான் வாங்குனா முழிச்சுக்கிருமே.”

“முழிச்சா முழிக்கட்டும்” என்றாள் அவள். “தாத்தன் யாருன்னு பாக்கட்டும். பிடிங்கப்பா.”